பதினாலு – பதிமூணு

மேலே போன பந்து கீழே வந்து சேரும்வரை யாருக்கும் சொந்தமில்லை என்று சொன்னாரா, இல்லை, கீழே வந்து சேரும்வரை எல்லாருக்கும் சொந்தம் என்று சொன்னாரா, எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. விடிவெள்ளி கைப்பந்துக் கழகத்தைத் தொடங்கிவைத்த செல்லப்பழம் பெரியவர், ஓர் ஆண்டுவிழா மேடையில், கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றி மைக்கின் தலையில் மாட்டிவிட்டுப் பேசிய பேச்சு அது. மைக்செட்டும் பாதி வார்த்தைகளைத் தின்றுகொண்டிருந்தது, நானும் மேடைக்குப் பின்னால் பூந்திப் பொட்டலம் கட்டுகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் என்னை மும்பைக்கு மாமா வீட்டுக்கு அனுப்பி இங்கிலீஷில் படிக்கவைத்தார்கள். அங்கிருந்து மஸ்கட்டுக்குப் போனேன். அந்தப் பேச்சின் மிச்சப் பாதியை யாரிடமும் கேட்டுக்கொள்ளாமலே நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது.

தேரிவிளை எங்கள் ஊர். பொட்டல்குடி அடுத்த ஊர். ஒரே செம்மணல் மேட்டின் இரண்டு சரிவுகள் என்றுதான் சொல்லவேண்டும், இந்தப் பக்கச் சரிவில் சர்ச், அந்தப் பக்கச் சரிவில் அம்மன் கோவில், உச்சியில் உடைமுள் மரங்களை வெட்டித் திருத்திய திடல், திடலில் ஒரு வலை. இரண்டு ஊர்க்காரர்களும் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், ஒரே சந்தையில் கருப்பட்டி விற்றார்கள், ஒரே பஸ்ஸில் இடம்பிடிக்கச் சண்டை போட்டார்கள், ஆனால் சித்திரை மாதம் கைப்பந்துப் போட்டி வந்துவிட்டால் ஒருவர் வீட்டு மோரை இன்னொருவர் குடிக்கமாட்டார். எல்லா வருடமும் பொட்டல்குடிதான் ஜெயித்தது. எங்கள் விடிவெள்ளி சுற்றுவட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும் ஜெயித்துவிட்டு வரும், பொட்டல்குடியிடம் மட்டும் தோற்கும்.

இந்த இரண்டு ஊரும் மோதுகிற ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவர் ஆட்டம் நடத்துகிற ஊர்க்காரராக இருக்கவேண்டும், ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பது எதிரூர். வெளியூர் நடுவருக்கு ஒரு பிரியாணி போதும், நாளைக்கும் அதே ஊரில் தண்ணீர் எடுக்கவேண்டியவன் தன் ஊருக்கு எதிராக விசில் ஊதினால்தான் அது விசில் என்று முன்னோர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வருடம் எங்கள் ஊர் முறை. பொட்டல்குடிக்காரர்கள் கூடிப் பேசி, விடிவெள்ளியின் மீது எங்கள் ஊரிலேயே அதிகப் பைத்தியம் கொண்ட மனிதரைக் கைகாட்டினார்கள். அவர் என் அப்பா அருமைநாயகம்.

"அவரா? அவரு ராத்திரி தூக்கத்துலகூட விடிவெள்ளிக்குக் கைதட்டுத ஆளுல்லா?" என்று எங்கள் ஊரே சந்தோஷத்தில் சிரித்தது.

"தோத்த ஆட்டத்தையும் இவ்வளவு ஆசையாச் சொல்லுத ஆளு அவரு ஒருத்தருதான். அவரே இருக்கட்டும்" என்றார்கள் அவர்கள்.

அப்பா பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் ஆபரேட்டர். காலையில் குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்கும்போது மோட்டாரைப் போட்டுவிட்டுத் திண்டில் உட்கார்ந்து விடிவெள்ளியின் கதைகளைச் சொல்லுவார், பெண்கள் குடம் நிறைந்து வழிவதையும் மறந்து கேட்பார்கள். நாசரேத் ஆட்டத்தில், பந்தைத் தூக்கிக்கொடுக்கிற ஞானதிரவியம் வலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைக்குப் பின்னால் பந்தைத் தள்ள, தடுக்க எழும்பிய மூன்று பேரும் ஆளே இல்லாத இடத்தில் அந்தரத்தில் நிற்க, நடுவில் எழும்பியவன் கீழே வருவதற்குள்ளாகவே சிரித்துவிட்டானே, அது. திசையன்விளையில் தூறலுக்குள் பொன்னுத்துரை கீழ்க்கையால் போட்ட சர்வீஸ் மேகத்துக்குள் போய்விட்டுத் திரும்பி வர, எதிரணியில் ஆறு பேரும் அண்ணாந்து 'எனக்கு, எனக்கு' என்று ஓடிவந்து, கடைசி நொடியில் ஆறு பேரும் மரியாதையாக மற்றவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்களே, அது. காற்றில் வலை கிழிந்தபோது பார்க்க வந்திருந்த பனையேறிகள் இடுப்புக் கயிறுகளை அவிழ்த்துக் கொடுத்து வலை பின்னினார்களே, அது. அப்பாவின் அக்கா மகன் கிருபாகரன் முதல்முதலாக வலைக்கு மேலே எழும்பி அடித்த கட், தடுக்க வந்த பொட்டல்குடி இசக்கிப்பாண்டியின் நெஞ்சுக்கும் முழங்கைக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்ள, அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு நிற்க, இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து தாலாட்டு பாடினார்களே, அது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவருக்கு ரொம்பப் பிடித்ததைக் கடைசியில் சொல்லுவார், பொட்டல்குடியிடம் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்ற ஆட்டம் அது, ஜெயித்தவர்கள் களைத்துப்போய்த் தங்கள் கேப்டனைத் தூக்கமுடியாமல் நின்றபோது நம் பையன்கள் போய்த் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஊர்வலம் விட்டார்கள்.

"ஏன் அண்ணாச்சி, பொட்டல்குடிய ஜெயிச்ச கதை ஒண்ணுகூட இல்லியா?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டே யாராவது கேட்பார்கள்.

"வரும் தாயி. அது மட்டுந்தான் பாக்கி" என்பார் அப்பா.

அது வந்தது. கடைசி செட், விடிவெள்ளி பதினாலு, பொட்டல்குடி பதிமூணு, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் பதினைந்து, ஆட்டம் முடிந்தது, ஊர் பிறந்த நாளிலிருந்து காத்திருந்தது முடிந்தது. சாயங்காலம் நாலு மணி வெயில். ஞானதிரவியம் தூக்கிக்கொடுத்தார், கிருபா எழும்பினான், அறைந்தான். பந்து தடுத்தவர்களின் விரல் நுனிகளுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு பொட்டல்குடியின் பின்கோட்டைப் பார்த்துப் போனது, கோட்டருகே நின்ற இசக்கிப்பாண்டி "விடு! வெளிய!" என்று கத்திக் கையைக் கீழே போட்டான், பந்து பின்கோட்டுக்கு நேர் மேலே, ஒரு வடலிப்பனை உயரத்தில், நின்றது.

முதலில் எல்லாரும் அது வரும் என்று நின்றார்கள். பிறகு வரவில்லை என்று நின்றார்கள். பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரம் ஆனபோது அப்பா வலையோரத்து ஏணி நாற்காலியிலிருந்து, விசிலை வாயிலிருந்து எடுக்காமலே, "நாளைக்கு வாங்க" என்று சைகை காட்டினார்.

மறுநாளும் அங்கேயே இருந்தது. சில வாரங்களில் ஊர் அதன் போக்கைத் தெரிந்துகொண்டது: சாயங்காலம் நாலு மணிக்கும் இருட்டுக்கும் நடுவில் மட்டும் பந்து ஒரு மயிரிழை இறங்குகிறது, மற்ற நேரத்தில் ஆணி அடித்ததுபோல இருக்கிறது. ஆகவே பன்னிரண்டு பேரும் காலையில் அவரவர் வேலைக்குப் போனார்கள், நாலு மணிக்கு ஜெர்சி போட்டுக்கொண்டு வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஆள் மாற்றக்கூடாது என்பது விதி, அதனால் அதே பன்னிரண்டு பேர். மழை பெய்தது, பந்து நனைந்தது, நின்றது. டிவிக்காரர்கள் வந்து வானத்தைப் பார்த்துக் கேமராவைத் திருப்பி வைத்தார்கள், நகராமல் இருப்பதை எவ்வளவு நேரம் காட்டுவது என்று போய்விட்டார்கள். சர்ச் சாமியாரும் கோவில் பூசாரியும் தனித்தனியாக வந்து பார்த்துவிட்டு, விளையாட்டு விஷயம், நமக்கெதற்கு என்றார்கள். கண்டக்டர்கள் திடலோர பஸ் நிறுத்தத்துக்குப் 'பந்தடி' என்று பெயர் வைத்து டிக்கெட் கிழித்தார்கள், அங்கே ஒரு டீக்கடையும், பிறகு ஒரு பலசரக்குக் கடையும், பிறகு ஒரு பாங்க் கிளையும் வந்தன. ஒரு கரிச்சான் குருவி பந்தின் மேல் உட்கார்ந்து வாலாட்டப் பழகியபோது இரண்டு ஊரிலும் பெரிய ரகளையாகி, அப்பாவிடம் தீர்ப்புக் கேட்டார்கள். "குருவி ரெண்டு டீம்லயும் பேர் குடுக்கல. ஆட்டம் நடக்கட்டும்" என்றார்.

பந்து விழுகிறவரைக்கும் இரண்டு ஊருக்கும் நடுவில் பெண் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னது ஒரு மாதத்துக்கு என்று நினைத்துச் சொன்னது. அதற்குள் கல்யாண வயதில் இருந்தவர்கள் அந்த வயதைத் தாண்டினார்கள். ஞானதிரவியம் ஒரு கார்த்திகை மாதம் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். அவர் இடத்தில் யாரை நிறுத்துவது என்று கேட்டபோது, ஐந்து பேரோடு முடிக்கலாம், ஆறாவது ஆளை இறக்க முடியாது என்றார் அப்பா. வலைக்கு அருகே ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு வெறும் மணல் அப்படியே கிடக்கிறது, அதை யாரும் மிதிப்பதில்லை.

நான் மஸ்கட்டில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சொல்லும்போதே அது பொய்யாகிக்கொண்டு வரும், எனக்கே சந்தேகம் வந்துவிடும். வீட்டுக்குப் போன் போட்டு "பந்து எப்படி இருக்கு?" என்று கேட்டால் அம்மா, இருந்தவரைக்கும், "ஒரு முழம் எறங்கியிருக்கு, நீ சாப்பிட்டியா?" என்பாள், அப்போது மறுபடி உண்மையாகும்.

நாற்காலியில் ஏறிய நாளிலிருந்து அப்பா விடிவெள்ளியின் கதை எதையும் சொல்லவில்லை. குழாயடியில் பெண்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள் கேட்டதே இல்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். "ஆட்டம் முடியட்டும்" என்று மோட்டாரைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். கதை சொல்லுகிற வாய் நடுவர் வாயாக இருக்கமுடியாது என்று நினைத்தாரோ என்னவோ, ரிட்டயர் ஆகிற வரைக்கும் குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான்.

நான் திரும்பி வந்தது அவருடைய கண்ணுக்காக. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, நாகர்கோவிலில் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து நின்றேன். பந்து அப்போது இசக்கிப்பாண்டியின் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது.

"ஒரு கண்ணுக்கு ஒரு வாரம் கட்டு, அவ்வளவுதான் அப்பா."

"அந்த வாரம் விழுந்துட்டா?"

"மயிரிழை மயிரிழையா வருது. ஒரு வாரத்துல எப்படி விழும்?"

"தரைக்குப் பக்கத்துல வந்தா வேகம் எடுக்குமா எடுக்காதா, ஒனக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரிந்திருந்தது போல, அந்த வாரமே அது வேகம் எடுத்தது. ஒரு சாயங்காலத்தில் நாலு விரல் இறங்கியது. மறுநாள் ஒரு சாண். நாலு மணிக்கு முன்பே மேட்டில் இரண்டு ஊர் சனமும் நின்றது, டீக்கடையில் கிளாஸ் கழுவுவதைக்கூட நிறுத்திவைத்தார்கள். பந்து முழங்கால் உயரத்தில் நின்றது, அதன் நிழல் சுண்ணாம்புக் கோட்டின் மேல் பாதியும் வெளியே மணலில் பாதியுமாக விழுந்தது. வடக்கே நின்று பார்த்தவர்களுக்கு உள்ளே, தெற்கே நின்று பார்த்தவர்களுக்கு வெளியே. கோட்டைத் தொட்டால் உள்ளே, அது எல்லாருக்கும் தெரியும், தொடுமா என்பதுதான் தெரியவில்லை. மூலையில் நின்ற இரண்டு கோட்டு நடுவர்களும் பந்து விழுவதற்கு முன்பே அவரவர் ஊர்ப்படி கொடியைத் தூக்கிப் பழகிவிட்டதால் அப்பா எப்போதோ கொடிகளைப் பிடுங்கி நாற்காலிக்கு அடியில் போட்டுவிட்டார். அவர் சொல்லுவது மட்டும்தான்.

உள்ளே என்றால் பதினைந்து – பதிமூணு, ஆட்டம் முடிந்தது. கிருபா வீட்டுக்குப் போகலாம். வெளியே என்றால் பதினாலு – பதினாலு, ஒரு அணி இரண்டு புள்ளி முந்துகிறவரை ஆட்டம் நடக்கும், பந்து மறுபடி மேலே போகும்.

கிருபாவுக்கு என் வயது. ரயில்வேயில் விளையாட்டுக்கென்று வைத்திருக்கிற வேலைக்கு ஆள் வீடு தேடி வந்து கூப்பிட்டபோது ஜோலார்பேட்டைக்குப் போய்விட்டு நாலு மணிக்கு எப்படித் திரும்ப வருவது என்று போகவில்லை. பெண் பார்த்த வீடுகளில், மாப்பிள்ளை சாயங்காலமானால் பந்துக்கடியில் நிற்பவர் என்று தெரிந்ததும் காப்பி வராமல் போனது. இப்போது பந்தடி நிறுத்தத்தில் பஞ்சர் ஒட்டுகிறான். இரண்டு முட்டியிலும் தைலம் தடவிப் பட்டை கட்டிக்கொண்டு, நரைத்த தாடியோடு, நாலாம் எண் ஜெர்சியில், அடித்த இடத்திலேயே நிற்கிறான்.

மறுநாள் காலையில் இசக்கிப்பாண்டி வீட்டுக்கு வந்தான், கையில் ஓலைப்பெட்டியில் கருப்பட்டி.

"அண்ணாச்சி இருக்கியளா?"

"வாரும்வே. என்ன, விடிஞ்சும் விடியாம கருப்பட்டியோட? யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் நடக்கணும்னுதான் வந்திருக்கேன். அந்தச் சவத்துப் பந்து விழுந்தாத்தான ஒருத்தனுக்கொருத்தன் சம்பந்தம் பேச முடியும்." அவன் பெஞ்சில் உட்காரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நேத்து எங்க ஊர்க் கூட்டத்துல பேசி முடிச்சாச்சு அண்ணாச்சி. உள்ளன்னே சொல்லிருங்க. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

"பந்து இன்னும் விழலையே."

"விழுந்த பொறவு சொல்லுங்க."

"விழுந்த பொறவு பாத்துக்கிடுவோம்."

"பாக்கதுக்கு என்ன இருக்கு? தோக்கப்போறது நாங்க. தோத்துட்டோம்னு நாங்களே சொல்லுதோம். ஒங்க டீம் ஜெயிக்கதுல ஒங்களுக்கு என்ன கஷ்டம்?"

அப்பா அவனுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தார். "விடுன்னு கத்துனது நீருதானவே?"

"நான்தான்."

"எதுக்குக் கத்துனீரு?"

"வெளிய போகுதுன்னு தோணுச்சு."

"இப்ப?"

இசக்கிப்பாண்டி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து தலை உயரத்துக்கு வந்தபோதே அவன் கையை நீட்டித் தூக்கியிருக்கலாம், அவன் ஊர் அவனைத் தூக்கச் சொல்லிச் சண்டை போட்டது, விடு என்று சொன்ன கையால் தொடமாட்டேன் என்று அத்தனை காலமும் அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் அவன்.

"காப்பி ஆறுது, குடியும்" என்றார் அப்பா.

அவன் போனதும் ஜெபக்கனி அத்தை, கிருபாவின் அம்மா, வந்தாள். அவள் உள்ளே வரவில்லை, முற்றத்தில் நின்று பேசினாள், தெருவுக்குக் கேட்கட்டும் என்றே பேசினாள்.

"ஏலே அருமை, பொட்டல்குடிக்காரனே வந்து கால்ல விழுந்துட்டுப் போறான். ஒனக்கு இன்னும் என்னலே யோசனை?"

"யாரும் கால்ல விழல அக்கா. கருப்பட்டி குடுத்தாரு."

"எம்புள்ள முட்டி தேஞ்சு, தலை நரைச்சு, தனிக்கட்டையா நிக்கான். அவன் அடிச்சது வெளியன்னு நீ சொல்லிட்டா அவன் எதுக்கு நின்னான்? ஒரே ஒரு வார்த்தைடே. ஒன் வாயிலிருந்து காசா பணமா?"

"ஒக்காருக்கா."

"நான் ஒக்கார மாட்டேன். நீ அந்த நாக்காலில ஒக்காந்ததே போதும்."

அவள் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள். நானும் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை: "அப்பா, எதிராளியே ஒத்துக்கிட்டான். யாருக்கும் நஷ்டமில்லை. முடிச்சிட்டா நாளைக்கே நாகர்கோவில் போகலாம். நீங்க ஆசைப்பட்டதும் அதுதானே, பொட்டல்குடிய ஜெயிச்ச ஒரு கதை?"

"ஆசை இல்லாம இருக்குமாய்யா" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு விசிலைக் கழுத்தில் மாட்டினார்.

நாலு மணிக்கு முன்பே மேட்டில் நிற்க இடமில்லை. கோடு போடுவது அன்றைக்குப் பொட்டல்குடி முறை. தேரி மணல் காற்றுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் தினமும் கோட்டை அழித்து மறுபடி போடவேண்டும், மூலைக்கு மூலை அடித்த பனங்கம்பு முளைகளில் கயிறு கட்டி, கயிற்றோரமாகச் சுண்ணாம்புத் தூளைத் தூவவேண்டும், ஒரு நாள் அவர்கள், ஒரு நாள் நாங்கள். எங்கள் ஆள் போடுகிற நாளில் பந்துக்கு நேர்கீழே கோடு கொஞ்சம் வெளியே பிதுங்கும், பந்து உள்ளே விழுவதற்கு. அவர்கள் போடுகிற நாளில் அதே இடத்தில் கோடு கொஞ்சம் உள்ளே குழியும். அப்பா நாற்காலியிலிருந்தே கையைக் காட்டுவார், அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள், இதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகி, யாருக்கும் இதில் வெட்கம் இல்லாமல் போயிருந்தது.

அன்றைக்குப் பொட்டல்குடிக்காரன் போட்ட கோடு வெளியே பிதுங்கியிருந்தது. கொஞ்சம் இல்லை, ஒரு கை அகலத்துக்கு. போட்டவன் தூள் டப்பாவை வைத்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினான். எங்கள் ஊர்க்காரர்களும் தலையை ஆட்டினார்கள். திடலில் இருந்த அத்தனை சனமும் அந்தக் கோட்டைப் பார்த்தது, பிறகு புரை விழுந்த கண்ணோடு நாற்காலியில் ஏறிக்கொண்டிருக்கிற அப்பாவைப் பார்த்தது. அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அப்பா உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்தார். பின்கோட்டின் பக்கம் முகத்தைத் திருப்பி ரொம்ப நேரம் இருந்தார்.

"கோடு மாசமா இருக்கு" என்றார். "அழிச்சுட்டுப் போடுங்க."

போட்டவன் மறுபடி எங்கள் பக்கம் பார்த்தான்.

"மணி நாலாகப்போகுது. அழிங்கவே."

"அண்ணாச்சி," என்றான் இசக்கிப்பாண்டி, பந்துக்குப் பக்கத்திலிருந்து, கெஞ்சுகிற குரலில், "நாங்க போட்ட கோடுதான. எங்களுக்குச் சம்மதம்."

"முளையில கயிறக் கட்டுங்க."

கட்டினார்கள். போட்டவனே குனிந்து காலால் அழித்தான், கயிற்றோரமாக மறுபடி தூவினான், கோடு அங்கங்கே மெலிந்தாலும் நேராக இருந்தது. கயிற்றை அவிழ்த்தபோது எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "கிழட்டு மூதி, பொட்டல்குடிக்குப் போயிக் குடியிரு!" என்று கத்தினான். பொட்டல்குடிக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை.

கிருபா தன் இடத்திலிருந்து, ஞானதிரவியத்தின் வெறும் மணலைச் சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டி நாற்காலிக்கு வந்தான். "மாமா, கண்ணாடியக் குடுங்க" என்றான். வாங்கி ஜெர்சியின் ஓரத்தால் இரண்டு பக்கமும் துடைத்தான், வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான், மறுபடி துடைத்தான், எட்டிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய், முழங்காலை மடக்கி, கைகளை முன்னே வைத்துத் தயாராக நின்றான். எதற்குத் தயார் என்று யாரும் கேட்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, முதுகு வளைந்தவரும் தொப்பை வைத்தவருமாக மற்றப் பத்துப் பேரும், இரண்டு பக்கமும், அப்படியே முழங்காலை மடக்கினார்கள்.

நாலு மணிக்குப் பந்து அசைந்தது. இந்த முறை மயிரிழை இல்லை, விரல் இல்லை, கிணற்றில் வாளி இறங்குகிறதுபோல ஒரே சீராக இறங்கியது, இறங்கும்போது மெதுவாகச் சுழன்றது. அவ்வளவு காலமும் நாங்கள் பார்க்காத அதன் மறுபக்கம் வந்தது, அங்கே தோல் வெளுக்காமல், கிருபாவின் உள்ளங்கை பட்ட இடத்தில் செம்மணல் புதிதாக ஒட்டியிருந்தது. கணுக்கால் உயரம். கரிச்சான் பறந்துபோனது. இரண்டு விரல் உயரம். அத்தை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். இசக்கிப்பாண்டி கண்களை மூடிக்கொண்டான். பந்தின் நிழல் சுருங்கிச் சுருங்கிப் பந்துக்கு அடியில் போய் ஒளிந்தது.

பந்து மண்ணைத் தொட்டது. தொட்ட சத்தம், அன்றைக்கு அடித்த அடியின் சத்தம், முழுதாக இப்போதுதான் வந்தது, மேட்டிலிருந்து இரண்டு ஊருக்கும் இறங்கி சர்ச் மணியையும் கோவில் மணியையும் ஒருமுறை அசைத்துவிட்டுப் போனது. செம்புழுதி எழுந்து கோட்டை மறைத்தது. பந்து குதித்து உருண்டு உடைமரத்து வேரில் போய் நின்றது.

யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா ஏணிப்படியில் ஒவ்வொரு காலாக இறங்கினார். நான் பிடிக்கப்போனேன், கையைத் தட்டிவிட்டார். பக்கக்கோட்டோரமாக நடந்து, திடலின் மூலையைத் திரும்பி, புழுதி அடங்குகிறவரை நின்றார், பிறகு மண்டிபோட்டுக் கண்ணாடியை மணலுக்கு ஒரு சாண் அருகே கொண்டுபோய், பந்து பதிந்த கிண்ணக்குழியையும் கோட்டையும் பார்த்தார். விரலை வைத்துத் தடவவில்லை, ஊதவில்லை, பார்த்தார். எழுந்திருக்கும்போது இசக்கிப்பாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். திரும்பி வருகிற வழியில் வலைக்கு அருகே கிருபாவின் முன்னால் ஒரு நொடி நின்றார், கிருபா குனிந்த நிலை மாறாமல் அவர் முகத்தைப் பார்த்தான். அப்பா ஏணியில் ஏறினார், உட்கார்ந்தார், விசிலை ஊதினார், இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"பந்து வெளியே" என்றார். "பதினாலு – பதினாலு. பொட்டல்குடி சர்வீஸ்."